காலை முகம்

எழுத உட்கார்ந்ததற்கு முதலில் என்னைப் பொறுத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் படிவம் வரைதான் படித்தேன். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் கடைச் சாமான் பட்டியலும் விண்ணப்பப் பாரங்களில் கையெழுத்தும்தான். நம் தோட்டத்து ஆட்கள் சேர்ந்து ஒரு நினைவு மலர் போடப்போவதாகவும், ஆளுக்கு இரண்டு பக்கம் எழுதித் தர வேண்டும் என்றும் சொன்னபோது, என்னை விட்டுவிடுங்கள் என்று சொல்லியனுப்பினேன். கூட்டத்தில் எழுந்து நின்றாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். உங்களில் பாதிப் பேருக்கு என்னை ஞாபகம் இருக்காது. வகுப்பில் சுவரோரமாக உட்கார்ந்திருந்தவள். சீக்காளித் தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்த பெண் என்றால் சிலருக்கு ஞாபகம் வரலாம்.

பிறகு ஏன் எழுதுகிறாய் என்றால், போன கூட்டத்தில் சாப்பாட்டு மேசையில் நடந்த ஒரு பேச்சுதான் காரணம். அன்று ரசத்தில் உப்பு தூக்கலாக இருந்தது. ஓர் அண்ணன், "நம்ம உப்பு ஆயா வந்து சமைச்சிருக்கும்லா," என்றார். மேசை முழுதும் சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு அந்தச் சிரிப்பு என்னை விடவில்லை. நம் பிள்ளைக் கொட்டகை ஆயாவுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று உங்களுக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். இத்தனை வருஷமும் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. தம்பிக்கு இரண்டரை.

அதற்கு முந்தின வருஷம் தம்பிக்கு உடம்பெல்லாம் நீர் கோத்து, வயிறு பானை மாதிரி ஆகிவிட்டது. சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். சிறுநீரகத்தில் கோளாறு, உடம்பில் நிற்க வேண்டிய சத்து சிறுநீரோடு போய்விடுகிறது என்றார்கள். அம்மா அவனோடு இரண்டு மாதம் அங்கேயே இருந்தார். அப்பாவுக்கு ரப்பர் காயவைக்கும் புகைக்கூடத்தில் வேலை. ஆகவே என்னை அப்பாவின் அக்கா வீட்டில், இரண்டு லயம் தள்ளி, விட்டார்கள். அத்தை கெட்டவர் இல்லை. ஆனால் ஐந்து பிள்ளைகளுக்கு நடுவில் ஆறாவதாக என்னைப் பார்த்துக்கொள்ள அவருக்கு நேரம் இல்லை. எனக்குப் பேன் பிடித்தது. ஒருநாள் என்னைப் பின்வாசலில் மணைமேல் உட்காரவைத்து, மாமாவின் சவரக் கத்தியால் தலையை மொட்டையடித்துவிட்டார். வெட்டிய முடியைப் பழைய பேப்பரில் சுருட்டி அடுப்பில் போட்டார். அந்த நாற்றம் இன்னும் எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்துக்குத் துண்டு கட்டிக்கொண்டு போனேன். துண்டை யார் யார் இழுத்தீர்கள் என்பது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அது போகட்டும்.

அம்மா திரும்பி வந்த நாளில் என்னைப் பார்த்ததும் முதலில் அடையாளம் தெரியாதவர் போல் நின்றார். பிறகு என் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். இனி அம்மா எங்கேயும் போகக் கூடாது என்று அன்றைக்கு முடிவு செய்தேன். முடிவு செய்ய எனக்கு என்ன அதிகாரம் இருந்தது? ஆனாலும் செய்தேன்.

ஆஸ்பத்திரியில் இரண்டு விஷயம் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஒன்று, உப்பு கூடாது. இன்னொன்று, தினமும் காலையில் அவன் விடும் முதல் சிறுநீரைச் சோதிக்க வேண்டும். அதற்காக நர்சு மிஸ்ஸி அம்மாவிடம் ஒரு கண்ணாடிக் குழாயும், மரத்தாலான இடுக்கியும், சின்ன ஸ்பிரிட் விளக்கும் கொடுத்திருந்தார். முக்கால் குழாய் எடுத்து, மேல் பாதியை மட்டும் தீயில் காட்ட வேண்டும். கொதித்ததும் இரண்டு சொட்டு வினிகர். தெளிவாகவே இருந்தால் நல்லது. வெந்த முட்டை வெள்ளைக்கரு மாதிரி வெள்ளை விழுந்தால் நோய் திரும்பிவிட்டது என்று அர்த்தம். உடனே கொண்டு வர வேண்டும். நோய் எப்போது வேண்டுமானாலும் திரும்பலாம் என்றும் சொன்னார்களாம். அதை மட்டும் எங்கள் வீட்டில் யாரும் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. உப்பு போடாவிட்டால் வராது என்று நினைத்துக்கொண்டார்கள்.

அம்மா வேலைக்குத் திரும்பியாக வேண்டும். மண்டோர் ஏற்கெனவே இரண்டு மாதம் பொறுத்திருந்தார். அம்மா பால் வெட்டும் மர நிரையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டால் அதோடு எல்லாம் போய்விடும். ஆகவே ஒரு காலையில், தூங்கிக்கொண்டிருந்த தம்பியைக் கைலியில் சுற்றித் தூக்கிக்கொண்டு, வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளை விடும் ஆயாக் கொட்டகைக்குப் போனார். நான் பின்னால் குழாயையும் விளக்கையும் ஒரு பிஸ்கட் டின்னில் வைத்து எடுத்துக்கொண்டு போனேன்.

கொட்டகை உங்களுக்குத் தெரிந்ததுதான். இடுப்பளவு பலகை, மேலே தகரம், குறுக்குச் சட்டத்தில் வரிசையாகத் தொங்கும் கைலித் தொட்டில்கள். பினாயிலும் மூத்திரமும் விறகுப் புகையும் சேர்ந்த ஒரு வாசனை. ஆயாவுக்கு அப்போது நாற்பது வயது இருக்கலாம். பிள்ளை இல்லாதவர். வலது கையில் இரண்டு விரல் மடங்காது. பால் வெட்டும்போது கத்தி இறங்கியதால்தான் அவரைக் கொட்டகைக்கு மாற்றினார்கள். குரல் மட்டும் மேட்டு லயம் வரைக்கும் கேட்கும்.

அம்மா படியில் ஏறாமல் கீழேயே நின்றார். "அக்கா, இவனுக்கு உப்பு ஆகாது. ஒரு கல்லுகூட ஆகாது."

"உப்பில்லாம என்னத்தம்மா திங்கும் பிள்ள?"

"நீங்க எல்லாத்துக்கும் ஒரே பானையிலதான் காச்சுவீங்கன்னு தெரியும். அதான்..."

"அதான் என்னா? இழுக்காம சொல்லு. ஒனக்குப் பெரட்டுல பேரு கூப்புட நேரமாவுது."

"முடியாதுன்னா சொல்லிடுங்க. நான் வேலைய விட்டுர்றேன்."

"விட்டுட்டு? ஒன் புருசன் பொகையத் தின்னா மூணு பேரு வயிறு நெறையுமா?" ஆயா கையை நீட்டினார். "குடு இங்க. சின்னப் பானை ஒண்ணு ஓட்டையாக் கெடக்கு. அடைச்சுக்கிறேன்."

அப்படித்தான் தம்பிக்கென்று ஒரு பானை வந்தது. அதன் அடியில் ஈயம் வைத்து அடைத்த ஒரு தழும்பு இருந்தது. மற்றப் பிள்ளைகளின் பெரிய பானைப் பக்கம் உப்பு ஜாடி இருக்கும். சின்னப் பானை அடுப்பின் அந்த ஓரத்தில், எட்டாத தூரத்தில் இருக்கும். அகப்பையும் வேறு.

இப்போது நான் சொல்லப்போவதைக் கவனித்துப் படியுங்கள். தம்பி உப்பில்லாத கஞ்சியைத் துப்பினான். ஒரு வாரம் துப்பினான். கடைசியில் ஆயா என்ன செய்தார் தெரியுமா? தன் மங்குக் கோப்பையிலும் அதே கஞ்சியை ஊற்றிக்கொண்டு அவன் எதிரில் உட்கார்ந்தார். "பாரு, ஆயாவும் இதான் குடிக்கிறேன். ஆகா, என்னா ருசி." ஒரு மிடறு குடிப்பார், கண்ணை உருட்டுவார், தம்பி ஒரு மிடறு குடிப்பான். அன்றிலிருந்து கடைசி நாள் வரைக்கும் ஆயா காலையில் உப்பு போட்ட கஞ்சி குடித்து நான் பார்க்கவில்லை.

ஒருமுறை கேட்டேன், "ஆயா, அவன் பாக்காதப்ப உப்பு போட்டுக் குடிக்கலாம்ல?"

"அவனுக்கு என் வாயோட வாசம் தெரியும்டி. கள்ளப் பய."

உண்மைதான். அவன் உப்புக்கு அலைந்த பிள்ளை. நான் பள்ளிவிட்டு வெயிலில் ஓடி வந்தால் என் முழங்கையைப் பிடித்து நக்குவான். வியர்வையின் கரிப்பு அவனுக்குத் தேன் மாதிரி. கொட்டகையில் மற்றப் பிள்ளைகளைக்கூட நக்கப் போவான். அவர்கள் கத்துவார்கள். ஆயா சிரித்துக்கொண்டே ஈரத்துணியால் எல்லோர் கையையும் துடைத்துவிடுவார்.

என் காலை நேரம் இப்படி இருந்தது. அம்மா ஐந்தரைக்கே எங்கள் இருவரையும் கொட்டகையில் விட்டுவிட்டுப் பெரட்டுக்கு ஓடுவார். இருட்டாக இருக்கும். தம்பி தொட்டிலில் தூக்கத்தைத் தொடருவான். வெளிச்சம் வந்து ஆறரை போல எழுந்ததும், நான் அவனைப் பின்பக்கம் நிறுத்திக் காலிப் பால் டின்னைப் பிடிப்பேன். பிறகு அடுப்படி மூலையில் உட்கார்ந்து விளக்கைக் கொளுத்துவேன். நீல நெருப்பில் குழாய் நுனி மெல்லக் கொதிக்கும்போது ஒரு சத்தம் வரும். பூனை தும்முவது மாதிரி. தெளிவாக இருந்தால் குழாயைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் பள்ளிக்குப் போவேன். மூன்று மணிக்கு அம்மா காட்டிலிருந்து வருவார். உடம்பெல்லாம் ரப்பர் பால் காய்ந்த புளித்த வாடை. என்னைப் பார்த்ததும் ஒரு சொல் கேட்பார்.

"தண்ணி?"

"தெளிவு."

அவ்வளவுதான். அதற்குப் பிறகுதான் தலைத்துணியை அவிழ்ப்பார்.

ஒன்பது வயதுப் பிள்ளையிடம் இதைக் கொடுக்கலாமா என்று இப்போது கேட்கிறவர்கள் உண்டு. வேறு யாரிடம் கொடுப்பது? அந்த நேரத்தில் எங்கள் லயத்தில் ஒன்பது வயதுக்கு மேற்பட்ட எல்லோரும் வேலையில் இருந்தார்கள்.

ஏழெட்டு மாதம் தெளிவாகவே இருந்தது. ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரைகளும் நின்றுவிட்டன. மழைக்காலம் முடிந்தது. மழையில் பால் வெட்டு நின்ற நாட்களுக்கு ஈடாக ஞாயிற்றுக்கிழமையும் வேலை வைத்தார்கள். அந்த நாட்களில் ஒரு காலையில் குழாயில் வெள்ளை விழுந்தது.

முதலில் புகைபோல, பிறகு திரித்திரியாக. நான் விளக்கை ஊதி அணைத்துவிட்டு ஆயாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். ஆயா வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"நேத்து மூணு மங்கு பாலு குடிச்சான். அதுவா இருக்கும்," என்றார். பிறகு கொஞ்சம் யோசித்தார். "எதுக்கும் ஒங்கம்மாகிட்டச் சொல்லிரு. மறந்துறாத."

ஆயா இதைச் சொன்னார். எனக்கு ஒவ்வொரு சொல்லும் ஞாபகம் இருக்கிறது. அம்மாவிடம் சொல்லிவிடு என்றார்.

அன்று மூன்று மணிக்கு அம்மா வந்தார். "தண்ணி?" என்றார். என் முடி அப்போதுதான் கழுத்துவரை வளர்ந்திருந்தது. வெள்ளை என்று சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அம்மா கைலியையும் துணிப்பையையும் எடுத்துக்கொண்டு லாரியில் ஏறுவார். நான் அத்தை வீட்டு மணைமேல் உட்காருவேன்.

"தெளிவு," என்றேன்.

மறுநாளும் வெள்ளை. ஆயா கேட்டார், "சொன்னியா?"

"ம்."

"என்னா சொன்னாங்க?"

"பாலுதான்னு சொன்னாங்க."

"பாத்தியா. நான் சொன்னேன்ல."

இப்படியாக ஆயா சொன்னதை அம்மாவின் வாயில் வைத்தேன். இரண்டு பக்கமும் நிம்மதியாகிவிட்டது. அதற்குப் பிறகு ஆயா கேட்கவில்லை. நான் தினமும் விளக்கைக் கொளுத்தினேன். அதை மட்டும் நிறுத்தவில்லை. நாளைக்குத் தானாகவே தெளிந்துவிடும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ஏறத்தாழ மூன்று வாரம்.

தம்பியின் முகம் உப்ப ஆரம்பித்தது. காலையில் எழும்போது கண் இரண்டும் கீறல் மாதிரி இருக்கும். கன்னம் பளபளவென்று இருக்கும். நடமாட ஆரம்பித்தால் முகம் வடிந்து, மத்தியானத்துக்குள் அந்த நீர் காலுக்கு இறங்கிவிடும். ஏன் அப்படி என்று பல வருஷம் கழித்து ஒரு டாக்டர் எனக்குச் சொன்னார். இருட்டில் தூங்குகிற பிள்ளையை விட்டுவிட்டுப் போய், மூன்று மணிக்கு வந்து தூக்குகிற அம்மா பார்த்தது மத்தியான முகத்தை மட்டும்தான். காலை முகத்தைப் பார்த்தது நானும் ஆயாவும்.

ஆயாவின் கண்ணுக்கு அது வீக்கமாகத் தெரியவில்லை. அந்தக் காலத்தில் நம் பிள்ளைகள் எப்படி இருந்தார்கள் என்று நினைத்துப் பாருங்கள். விலா எண்ணலாம். கொட்டகையில் கன்னம் வைத்த பிள்ளை ஒன்று வந்தால் அது ஆயாவின் கைராசி. அதுவும் பேபி ஷோ நெருங்கிக்கொண்டிருந்தது. மேனேஜர் துரையின் சம்சாரம் வந்து, தோட்டத்தின் மூன்று டிவிஷன் பிள்ளைகளையும் பார்த்து, கொழுகொழுவென்று இருக்கும் பிள்ளைக்குப் பரிசு கொடுப்பார். நம் கொட்டகைக்கு ஒருதடவையும் கிடைத்ததில்லை. எப்போதும் கீழ் டிவிஷன் ஆயாவின் பிள்ளைகள்தான்.

"அந்தம்மா என்னா செய்யும் தெரியுமா?" என்று ஆயா சொல்வார். "பிள்ளைங்களுக்கு வயிறு முட்டத் தண்ணியக் குடுத்துத்தான் தராசுல ஏத்தும். தூக்குனா குளுக் குளுக்குன்னு கேக்கும். நம்மளுது அப்படி இல்ல. உப்பில்லாக் கஞ்சியில வந்த ஒடம்பு."

அப்பாவுக்கும் பெருமை. சாயங்காலம் தம்பியைத் தோளில் வைத்துக்கொண்டு கடைப்பக்கம் போவார். "என் மவன் தவுக்கே மவன் மாதிரி ஆயிட்டான்லா," என்பார். கடை முதலாளியான சீனத் தவுக்கே சிரித்துக்கொண்டே ஒரு பிஸ்கட் கொடுப்பார். அம்மா மட்டும் ஒருநாள் குளிப்பாட்டும்போது, "கால் ஏன் இவ்வளவு கனமா இருக்கு?" என்றார்.

"மாத்திர சாப்பிட்டப்பவும் மூஞ்சி உருண்டையா இருக்கும்னு டாக்டரே சொன்னாரே. அந்த ஒடம்புதான்," என்றார் அப்பா.

"மாத்திரதான் நின்னுருச்சே."

"நீ ஒண்ணு. தண்ணி தெளிவா இருக்குல்ல?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையாட்டினேன்.

பேபி ஷோ ஒரு விடுமுறை நாளில் வைத்தார்கள். அன்று வெட்டு இல்லை. பல வாரத்தில் முதல்முறையாக அம்மா காலை வெளிச்சத்தில் வீட்டில் இருந்தார். தம்பி எழுந்து வந்து வாசலில் நின்றான். அம்மா அடுப்புக்குக் கொண்டுபோன விறகைக் கீழே போட்டார்.

"இவன் கண்ணு ஏன் இப்படி இருக்கு?"

அப்பா முகம் துடைத்துக்கொண்டிருந்தார். "தூங்கி எந்திரிச்ச மூஞ்சி."

அம்மா அவன் முன்னால் குந்தி உட்கார்ந்து கன்னத்தைத் தொட்டார். பிறகு அப்படியே என் பக்கம் திரும்பினார். "தண்ணி எப்படிடி இருக்கு? நெசமாச் சொல்லு."

குழாய் கொட்டகையில் இருந்தது. அம்மா போய்த் தானே பார்த்திருக்கலாம். ஆனால் கேட்டார், என்னை நம்பித்தான் கேட்டார். அந்தக் கேள்வி இன்றைக்கும் எனக்குச் சில நேரம் காலையில் கேட்கிறது. அடுத்த வீட்டில் யாராவது விறகோ பலகையோ கீழே போடும் சத்தம் கேட்டால் போதும்.

"தெளிவு," என்றேன்.

எட்டு மணிக்கு ஆயா வந்தார். கெண்டைக்கால் தெரியாத நல்ல சேலை. தம்பிக்கு நீலச் சட்டை போட்டார். வயிற்றுப் பொத்தான் பூட்டவில்லை. "பாரு, சட்டையே பத்தல," என்று சந்தோஷப்பட்டார். பிறகு என்னைப் பிடித்து உட்காரவைத்து, என் முடியை இரண்டாகப் பிரித்து, மடங்காத அந்த இரண்டு விரலோடு பாடுபட்டுச் சிவப்பு ரிப்பன் கட்டிவிட்டார். மொட்டைக்குப் பிறகு எனக்கு முதல் ரிப்பன் அதுதான். "இனிமே யாரும் ஒன் முடியத் தொட மாட்டாங்க," என்றார்.

திடலில் நீலத் துணிப் பந்தல், வெள்ளைத்துணி விரித்த மேசை, முக்காலியில் தொங்கும் தராசு. பிள்ளைகள் அழுத அழுகையில் யார் பேசுவதும் கேட்கவில்லை. தம்பி மட்டும் அழவில்லை. சோர்ந்துபோய் அமைதியாக இருந்தான். அதையும் நல்ல குணம் என்று எடுத்துக்கொண்டார்கள். துரையின் சம்சாரம் அவன் கன்னத்தைக் கிள்ளி, இங்கிலீஷில் ஏதோ சொன்னார். சட்டையில் சிவப்புப் பூ குத்தினார். ஒரு நீலத் துவாலையும் ஒரு டின் பால்மாவும். ஆயா அதை வாங்கும்போது கீழ் டிவிஷன் ஆயாவை ஒரு பார்வை பார்த்தார். ஆபீஸ் கிராணி படம் எடுத்தார். அந்தப் படம் எங்கள் வீட்டில் கொஞ்ச நாள் இருந்தது. பிறகு அம்மா கிழித்துவிட்டார். அதில் தம்பியின் கண் இரண்டு கோடு மாதிரி இருக்கும். ஆயா வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருப்பார்.

எடை போட்டவர் தோட்ட வைத்தியம் பார்க்கும் டிரசர். மூன்று தோட்டத்துக்கு ஒரே டிரசர் அவர்தான். மாதம் ஒருமுறைதான் கொட்டகைக்கு வருவார். தம்பியைத் தராசிலிருந்து இறக்கும்போது அவன் முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் அங்கே குழி இருந்தது. நான் பக்கத்தில் நின்றேன். மாவில் அமுக்கியது மாதிரி அந்தக் குழி அப்படியே இருந்தது. டிரசர் அவனை ஆயாவிடம் கொடுக்கவில்லை. தானே தூக்கிக்கொண்டு வந்து பந்தலுக்கு வெளியே நின்ற அம்மாவிடம் கொடுத்தார்.

"தண்ணி யாரும்மா பாக்குறது?"

"இவதான் பாக்குறா, டிரசர் ஐயா. தெனமும் தெளிவுன்னுதான் சொல்றா."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அம்மா, அப்பா, டிரசர். துவாலையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஆயாவும் அங்கே நின்றார். அவர் முதலில் அம்மாவைப் பார்த்தார். "தெளிவுன்னா?" என்று மெல்லக் கேட்டார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் நான் அழுது எல்லாவற்றையும் கொட்டியிருப்பேன். இல்லை. என் ரிப்பனைப் பார்த்தார்.

"பிள்ள எங்கிட்டக் காட்டுச்சு டிரசர்," என்றார் ஆயா. "வெள்ளையாத்தான் இருந்துச்சு. நான்தான் பாலுன்னு சொன்னேன். அம்மாகிட்டச் சொல்லாதேன்னும் நான்தான் சொன்னேன். ஷோ முடியட்டும்னு பாத்தேன்."

நான் ரிப்பன் நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அம்மா ஆயா பக்கம் திரும்பினார். "அக்கா, அப்ப நீ கஞ்சியில உப்பும் போட்டிருப்ப," என்றார்.

ஆயா அதற்குப் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாததால் அதுவே உண்மையாகிவிட்டது. சாயங்காலத்துக்குள் எல்லா லயத்துக்கும் தெரிந்துவிட்டது. பிள்ளை எடை ஏறுவதற்காக உப்பைப் போட்டு நீர் கோக்க வைத்தாள் என்றார்கள். அப்படித்தான் அவர் உப்பு ஆயா ஆனார். ஒரு கல் உப்பு அந்தச் சின்னப் பானையில் விழுந்ததில்லை. விழுந்திருந்தாலும் அந்த நோய் அதனால் திரும்பவில்லை. அது தானாகத் திரும்பக்கூடிய நோய். மூன்று வாரம் முன்னால் கொண்டு போயிருந்தால் தம்பி அவ்வளவு பட்டிருக்க மாட்டான். அந்த மூன்று வாரத்தை அவனிடமிருந்து எடுத்தது நான்.

அன்று மத்தியானமே தோட்டத்து வேனில் அவனைச் சிரம்பானுக்கு ஏற்றினார்கள். வயிற்றில் கிருமி வேறு சேர்ந்து, நான்கு மாதம் கிடந்தான். இரண்டு தடவை பிழைக்க மாட்டான் என்றார்கள். பிழைத்தான். வளர்ந்து லாரி ஓட்டினான். இப்போது பேரன் பேத்தி எடுத்துவிட்டான். அவனுக்கு இதெல்லாம் ஒன்றும் ஞாபகம் இல்லை. நீலத் துவாலை மட்டும் ஏதோ ஞாபகம் இருக்கிறது என்பான்.

அம்மா சாகும்வரை ஆயாவை மன்னிக்கவில்லை. நானும் அம்மாவைத் திருத்தவில்லை.

ஆயாவை ஒரே ஒருமுறை மறுபடியும் பார்த்தேன். எனக்குப் பதினேழு வயது. நாங்கள் பகாவ் பக்கம் குடிபோயிருந்தோம். பகாவ் பசாரில் கருவாட்டுக் கடை முன்னால் நின்றுகொண்டிருந்தேன். பின்னாலிருந்து யாரோ என் பின்னலைத் தூக்கிப் பார்த்தார்கள். திரும்பினால் ஆயா. மெலிந்திருந்தார். யார் வீட்டிலோ பிள்ளை பார்க்கிறாராம்.

"எவ்வளவு நீளமா வளந்திருச்சு," என்றார். என் முடியைச் சொன்னார். பிறகு, "தம்பி?" என்றார்.

"நல்லா இருக்கான் ஆயா. பந்து வெளையாடுறான்."

"உப்பு சாப்பிடலாமா இப்ப?"

"சாப்பிடுறான்."

"கருவாடு?"

"அதுதான் வாங்க வந்தேன்."

ஆயா சிரித்தார். "கள்ளப் பய," என்றார். கடைக்காரரிடம் நல்லதாகப் பார்த்துப் போடச் சொன்னார். எல்லாவற்றையும் சொல்லிவிட நினைத்தேன். பஸ் வந்துவிட்டது. பஸ் வராவிட்டாலும் சொல்லியிருக்க மாட்டேன். என்னை எனக்குத் தெரியும்.

இப்போது தம்பியின் மகள் சிரம்பான் பக்கம் ராசாவில் இருக்கிறாள். அவள் மகனுக்கு இழுப்பு. அவனை நர்சரியில் விட்டுவிட்டு வேலைக்குப் போகிறாள். அங்கே உள்ள டீச்சர் தினமும் காலை எட்டு மணிக்குப் பிள்ளையைப் படம் எடுத்து அவள் போனுக்கு அனுப்புகிறார். இன்ஹேலர் எத்தனை முறை அடித்தார்கள் என்பதும் கூடவே வரும். லோபாக்கில் என் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அந்தப் படங்களை எனக்குக் காட்டுவாள். "பாருங்க அத்தை, மூஞ்சத் தொங்கப்போட்டுக்கிட்டு," என்று சிரிப்பாள். நான் ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கிக் கண்ணைப் பார்க்கிறேன். அவளுக்கு ஏன் என்று தெரியாது.

அடுத்த கூட்டத்தில் யாராவது உப்பு ஆயா என்று சொன்னால், தயவுசெய்து சிரிக்க வேண்டாம். அதற்குத்தான் இவ்வளவும் எழுதினேன். தப்பிருந்தால் மன்னியுங்கள்.

ஒன்று எழுத விட்டுப்போயிற்று. பேபி ஷோவுக்கு மறுநாள் திங்கட்கிழமை. அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தார். அத்தை என்னை எழுப்பிப் பள்ளிக்கு அனுப்பினார். நான் கொட்டகை வழியாகப் போனேன். ஆயாவைக் காலையிலேயே வேலையிலிருந்து நிறுத்திவிட்டிருந்தார்கள். நான்காவது லயத்து அக்கா ஒருத்தர் அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்தார். சின்னப் பானை வெளியே வாய்க்கால் ஓரம் கிடந்தது. பெரிய பானையில் கஞ்சி கொதித்தது. எல்லாருக்கும் அந்த ஒரே பானைதான்.